கடித்தால் மட்டும் வலித்த பல்

தடைக்காலம் வந்தால் எங்களுக்கு வேலை கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம், ராமேசுவரம் எங்கும் படகைக் கட்டிப் போட்டுவிட்டு, கிழிந்த வலையை அள்ளிக்கொண்டு வந்து என் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். ஓட்டை பொத்த வேண்டும், கண்ணி அளவு பார்க்க வேண்டும், வடத்தில் கோக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் நுனியை நறுக்க வேண்டும். ஒரு கையில் வலையூசி, மறு கையில் கண்ணி, கால் பெருவிரலில் வலையின் ஓரம். கத்தரியைத் தேடி எடுப்பதற்குள் முன்பல் அந்த வேலையை முடித்துவிடும். இருபத்தைந்து வருசமாக நான் அப்படித்தான் வலை பொத்துகிறேன்.

அப்படி ஒரு தடைக்காலத்தின் நடுவில்தான் கீழ்த்தாடை வலது பக்கக் கடைவாய்ப்பல்லில் சொத்தை அடைக்க ராமநாதபுரம் போனேன். ஊசி போட்டு மரக்க வைத்து, சொத்தையைச் சுரண்டி, பல் நிறத்திலேயே அடைத்தார்கள். முடிந்ததும், “கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?” என்று கேட்டார்கள். பாதி முகம் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. உதடு தடித்துத் தொங்குவது போல ஒரு நினைப்பு. கடித்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. “சரியா இருக்கு” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு நாள் பட்டேன்.

மறுநாள் காலையில் இட்லிதான். முறுக்கு இல்லை, கருவாடு இல்லை, இட்லி. வலது பக்கம் ஒதுக்கிக் கடித்தேன். பல்லுக்கு அடியில் யாரோ ஊசியை வைத்துத் தூக்கிய மாதிரி வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன், வலி போய்விட்டது. மறுபடி கடித்தேன், மறுபடி வந்தது. தண்ணீர் குடித்தால் ஒன்றும் இல்லை, சூடாகக் குடித்தால் ஒன்றும் இல்லை, சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. கடித்தால் மட்டும். இரண்டு மூன்று நாளில் அந்தப் பல் மட்டும் மேலே எழும்பி நிற்பது போலத் தோன்ற ஆரம்பித்தது. வாயை மூடினால் மற்றப் பல்லெல்லாம் சேர்வதற்கு முன்னால் அதுதான் முதலில் இடிக்கும். தூக்கத்தில் பல் சேர்ந்தால் விழித்துக்கொள்வேன்.

கொட்டகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான். “நரம்பு செத்துப்போச்சு மாமா. புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க.” கிராம்பு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். பதினோராம் நாள், பிடுங்கிவிடலாம் என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். பாம்பன் சாலைப் பாலத்தில் இணைப்பு வருகிற இடத்திலெல்லாம் பஸ் ‘டக்’ என்று ஒரு குலுக்குக் குலுக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல் பல்லோடு மோதும், உயிர் போகும். ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று இதே பாலம், இதே குலுக்கல், ஒன்றுமே தெரியவில்லை. அந்த வித்தியாசத்தைப் பாலத்தின் மேல் வைத்தே நான் யோசித்திருந்தால் பாதி விசயம் அங்கேயே விளங்கியிருக்கும்.

இந்த முறை வேறொரு டாக்டரம்மா இருந்தாக. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாக லேசாகத் தட்டினாக. அடைத்த பல்லில் தட்டியதும் நாற்காலியில் துள்ளிவிட்டேன். பிறகு மெல்லிய நீலத்தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னாக. எடுத்துப் பார்த்தால் அடைத்த இடத்தின் ஒரு முனையில் மட்டும் கருநீலமாக ஒரு புள்ளி. மற்றப் பல்லில் எல்லாம் தொட்டும் தொடாமலும் ஒரு சாயல். அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டினாக. மறுபடி தாள், மறுபடி சுரண்டல். இரண்டு நிமிசத்துக்கு மேல் ஆகியிருக்காது. “ஊசி எதுவும் போடல, கவனிச்சீங்களா? நீங்க உணர்ந்து சொல்லணும்னுதான்” என்று சொன்னாக. மூன்று நாளில் வலி பாதி குறைந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பல் இருக்கிற நினைப்பே இல்லை.

பிடுங்க இருந்த பல் அது. இன்றைக்கும் வாயில் இருக்கிறது.

அன்றைக்கு ஒன்று கேட்டேன். “நரம்பு பல்லுக்குள்ளதான இருக்கு? நீங்க மேலாக்கச் சுரண்டுனதும் எப்படி வலி போகும்?” அதற்கு அவுக சொன்ன பதிலும், பல் மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் பிறகு விளக்கிச் சொன்னதும்தான் இதை எழுத வைக்கிறது. எங்கள் பக்கத்தில் கடித்தால் வலிக்கிறது என்று சொல்லியே நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

நாம் நினைப்பது போலப் பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி இறங்கி நிற்பதில்லை. தாடை எலும்பில் ஒரு குழி. குழிக்குள் பல்லின் வேர். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி நிறைய நார். ஒரு முனை எலும்பில், மறு முனை வேரில். பாம்பன் துறையில் படகு கட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலாபக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், ஆனாலும் அலைக்குத் தக்கபடி ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும், கரையில் மோதாது. பல்லும் அப்படித்தான் நாரில் தொங்குகிறது. நாம் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு குழிக்குள் இறங்கி, விட்டதும் எழும்புகிறது. பெரியோடான்டல் லிகமென்ட் என்று டாக்டர்கள் சொல்வது இந்த நாரைத்தான். நான் பல்சூழ் நார் என்று எழுதிக்கொள்கிறேன்.

அந்த நாருக்கு நடுவில்தான் நரம்பு முனைகள் இருக்கின்றன. பல்லுக்குள் ஓடும் நரம்பு வேறு, இது வேறு. முகத்துக்கு உணர்வு கொடுக்கும் ஐந்தாவது மூளை நரம்பு மூன்றாகக் கிளை பிரிகிறது. அதிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. ஆனால் பல்லுக்குள் போவது சூடு, குளிர், இனிப்பு பட்டால் வலியாகச் சொல்லும். பல்லைச் சுற்றி நாரில் இருப்பது அழுத்தத்தைச் சொல்லும்: எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகமாக. நார் இழுபடும்போது அதோடு பின்னியிருக்கும் நரம்பு முனையும் இழுபட்டுச் சேதி சொல்கிறது. ரஃபினி முனைகள் என்று இவற்றுக்குப் பெயர். வேரின் அடிப்பக்கம்தான் நிறைய இருக்கின்றனவாம். இவற்றோடு வலியைச் சொல்லும் முனைகளும் அதே நாரில் கலந்திருக்கின்றன.

கைத்தூண்டில் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூண்டில் நூலை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மீன் இரையை முகர்ந்தால் தெரியும். ஒரு கொத்துக் கொத்தினால் தெரியும். விளைமீன் கொத்துவதா, சின்ன மீன் அரிப்பதா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் பெரிய மீன் மாட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டால், பத்துக் கிலோவா பன்னிரண்டா என்று விரலுக்குத் தெரியாது. பாரம் என்பது மட்டும்தான் தெரியும். பல்லைச் சுற்றியுள்ள நரம்பும் அச்சு அசலாக அப்படியே என்று என் அக்கா மகள் சொன்னபோது சிலிர்த்துவிட்டது. 1990களில் ஸ்வீடனில் ரோலண்ட் ஜோஹான்சன், மாட்ஸ் ட்ரூல்சன் என்ற இருவர், விழித்திருக்கும் மனிதர்களின் தாடை நரம்பில் நுண்ணிய ஊசியை இறக்கி, பல்லைத் தொடும்போது ஒற்றை நரம்பிழை அனுப்பும் சேதியைப் பதிவு செய்தார்கள். முன்பல்லைச் சுற்றியுள்ள இழைகளில் பெரும்பாலானவை 1 நியூட்டனுக்குக் கீழான அழுத்தத்தில்தான் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. 1 நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிராம் எடை. கடைவாய்ப்பல்லில் அது 4 நியூட்டன் வரை. அதற்கு மேல் அழுத்தம் ஏற ஏற, சேதியில் வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது.

கடைவாய்ப்பல்லால் நாம் முழு மூச்சாகக் கடித்தால் 500 நியூட்டனுக்கும் மேல் அழுத்த முடியும். ஐம்பது கிலோ பாரம். அந்தப் பாரத்தைத் தாங்குகிற அதே பல்தான் 400 கிராமுக்குக் கீழே நுணுக்கம் பார்க்கிறது. 

அந்த ஸ்வீடன்காரர்கள் செய்த இன்னொரு சோதனையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நிலக்கடலைப் பருப்பை முன்பற்களுக்கு நடுவில் கடிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே விழவும் கூடாது, உடையவும் கூடாது. நாம் எல்லாரும் 1 நியூட்டனுக்கும் குறைவான அழுத்தத்தில் பிடித்துக்கொள்கிறோம், யாரும் சொல்லித் தராமலே. பல்லை ஊசி போட்டு மரக்க வைத்துவிட்டு அதையே செய்யச் சொன்னால் தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள், பருப்பு நழுவி ஓடுகிறது. தாடைத் தசை அப்படியேதான் இருக்கிறது. சேதி சொல்கிற ஆள் இல்லை.

இப்போது என் அடைப்புக்கு வருகிறேன். அடைப்பு மற்றப் பல்லைவிட ஒரு மயிரிழை உயரம். வாயை மூடும்போதெல்லாம் எல்லாப் பல்லும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் முதலில் அது ஒன்றின் மேல். நார் நசுங்கி நசுங்கிப் புண்பட்டு வீங்குகிறது. வீங்கினால் இருக்கிற இடைவெளிதான் எவ்வளவு? பல் மேலே தள்ளப்படுகிறது. மேலே வந்தால் இன்னும் முந்திக்கொண்டு இடிபடுகிறது. புண்பட்ட இடத்தில் வலி முனைகள் கூசிப்போய், இட்லியைக் கடித்தாலும் கத்தியால் குத்தியதாகச் சொல்கின்றன. பல்லுக்குள் இருந்த நரம்பு சாகவும் இல்லை, அழுகவும் இல்லை. காரணம் மேலே இருந்த அந்த நீலப் புள்ளி.

“கடிச்சுப் பாருங்க” என்று கேட்டபோது அதைச் சொல்லியிருக்க வேண்டிய நரம்பு முனைகள்தான் அன்றைக்கு மரத்துக் கிடந்தன. ஆகவே நான் எல்லாரிடமும் சொல்வது: ஊசி போட்டு அடைத்துவிட்டுக் கடித்துப் பார்க்கச் சொன்னால், “மரப்பு விட்டதும் சொல்றேன், உசரமாத் தெரிஞ்சா நாளைக்கே வரலாமா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மறுநாள் காலையில் பல்லை மெதுவாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பல் முந்தினால் அன்றைக்கே போங்கள். பழகிவிடும் என்று என்னை மாதிரி பதினோரு நாள் தள்ளாதீர்கள்.

வலியின் மாதிரியை வைத்தே டாக்டருக்குப் பாதி வழி காட்டலாம் என்பதையும் அதற்குப் பிறகுதான் கற்றேன். பல்லுக்குள் இருக்கும் நரம்பு வலித்தால் எந்தப் பல் என்று பல நேரம் ஆளுக்கே தெரியாது. தாடை முழுக்க வலிக்கும், சில பேருக்குக் கீழ்ப்பல் வலி காதில் தெரியும். நாரில் வலி என்றால் விரலை வைத்து “இது” என்று காட்டிவிடலாம், ஏனென்றால் இடம் சொல்லுகிற நரம்பு அங்கேதான் இருக்கிறது. என் மச்சான் வேர்ச்சிகிச்சை செய்துகொண்ட பல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “நரம்பை எடுத்தாச்சுன்னு காசு வாங்கிட்டு, இன்னும் வலிக்குதுய்யா” என்பார். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பு. வெளியே நாரில் இருப்பது அப்படியே உயிரோடுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால்தான் வேர்ச்சிகிச்சை செய்த பல்லிலும் கடிக்கும் உணர்வு இருக்கிறது. சில நாள் தொட்டால் வலிப்பது வழக்கம். நாளாக ஆகக் கூடினாலோ, ஈறு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். மச்சானுக்கு நான்காம் நாளே அடங்கிவிட்டது.

கடிக்கும்போது வலிக்காமல், கடித்ததை விடும்போது சுரீர் என்றால் அது வேறு கதை. நண்டுக்காலைப் பல்லால் உடைப்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழக்கம். என் தம்பிக்கு அப்படி ஒரு நாள் ‘படக்’ என்று கேட்டதாம். நண்டுக்கால் உடைந்த சத்தம் என்று நினைத்திருக்கிறான். அதற்குப் பிறகு சோறு மெல்லும்போது ஏதோ ஒரு கடியில் மட்டும், விடும்போது, மின்னல் மாதிரி வெட்டும். பல்லில் கீறல். எக்ஸ்ரே படத்தில்கூடச் சரியாகத் தெரியவில்லை. விடும்போது வலிக்கிறது என்று அவன் சொன்னதை வைத்துத்தான், ஒவ்வொரு முனையாகக் கடிக்கவைத்துக் கண்டுபிடித்தார்கள். உறை போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். நண்டுக்காலை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

மேல்வரிசைக் கடைவாய்ப்பல் மூன்று நான்கு சேர்ந்தாற்போல் கடிக்கும்போது வலித்தால், சளி பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்தாடை எலும்புக்குள், கன்னப் பக்கம் இருக்கும் காற்றறையின் தரை அந்த வேர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே சளி கோத்தால் பல் வலி போலவே தெரியும்.

முன்பல்லால் நூல் நறுக்குவதை விட்டுவிட்டேன். என் மேல் முன்பல் இரண்டிலும் ஓரத்தில் நெல் அளவுக்குத் தேய்ந்த பள்ளம் இருக்கிறது, இருபத்தைந்து வருச நைலான் அறுத்த பள்ளம். தேய்மானத்தை விடவும் எனக்குப் பயம் தந்தது வேறு. முன்பல் நேராக அழுத்துவதைத் தாங்குகிற அளவு பக்கவாட்டில் இழுப்பதைத் தாங்காது. நைலான் நூலைப் பல்லில் வைத்துச் சுண்டும்போது நாம் சரியாக அதைத்தான் செய்கிறோம். இப்போது கழுத்தில் ஒரு நகவெட்டி தொங்குகிறது. முதல் பத்து நாள் வேலை மெதுவாக ஓடியது, பிறகு கை பழகிவிட்டது. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் அதட்டியே நிறுத்துங்கள். பல்லுக்கு மட்டும் இல்லை, ஈயம் உடம்புக்கே விசம்.

இன்னொன்று, கரைவலை இழுக்கிறவர்களுக்கும் வடம் இழுக்கிறவர்களுக்கும். இழுக்கும்போது பல்லை இறுகக் கடித்துக்கொள்வோம். எனக்கு வலை பொத்தும்போதே அந்தப் பழக்கம் இருந்தது, தெரியவே தெரியாது. அக்கா மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மாமா, தாடை ஓரத்துல தசை துடிச்சுக்கிட்டே இருக்கு” என்றாள். சும்மா இருக்கும்போது பல்லோடு பல் சேர்ந்திருக்கக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், உள்ளே பல் இரண்டு மில்லிமீட்டராவது விலகி இருக்க வேண்டும். சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்தால்கூட ஒரு நாளில் பல்லோடு பல் படுகிற நேரம் மிகக் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் நாருக்கு ஓய்வு. நாள் முழுக்க இறுக்கிக்கொண்டிருந்தால் படகுக் கயிறு எந்நேரமும் விறைத்து நிற்பது போல. காலையில் எழும்பும்போது பல் வரிசையே கூசுகிறது, தாடை அசதியாக இருக்கிறது என்றால் இரவில் பல்லை நறநறக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அதற்கு இரவில் போட்டுக்கொள்ளும் தட்டு செய்து தருகிறார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அம்மா நாற்பது வருசம் கருவாட்டு வியாபாரம். எங்கள் கடற்கரையில் மணலிலேயே விரித்துக் காயப்போடுவதால் கருவாட்டில் மண் ஒட்டும். வாங்க வரும்போது அம்மா நெத்திலியில் ஒன்றை எடுத்து முன்பல்லால் நுனியை நறுக்கிப் பார்ப்பாள். உப்புப் பார்ப்பது நாக்கு. மண் பார்ப்பது பல். “மண்ணு கெடக்கு, அலசிக் காயப்போட்டுக் கொண்டா” என்று தட்டைத் தள்ளிவிடுவாள். கடற்கரை மணலில் பொடி மணல் என்பது ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, அரைக்கால் பங்கு. நல்ல பல்லுக்கு நடுவில் 20 மைக்ரான் அளவுள்ள பொருள் வந்தாலே தெரியும் என்று என் அக்கா மகள் சொன்னாள். 20 மைக்ரான் என்றால் தலைமுடியின் கனத்தில் பாதிக்கும் குறைவு. அம்மாவுக்கு அது எண்ணாகத் தெரியாது. அம்மா மண் இல்லை என்றால் மண் இல்லை.

சூடை மீனைத் தின்பதிலும் அப்படித்தான். முரல், காரல், சூடை எல்லாம் முள் மீன். அம்மா சோற்றோடு சேர்த்து வாயில் போட்டு மென்றுகொண்டே பேசுவாள். கடைவாயில் ஒரு முள் தட்டுப்பட்ட உடனே தாடை தானாக நிற்கும். நாக்கு அதை ஓரமாகத் தள்ளும். இரண்டு விரலால் எடுத்து இலையோரம் வைப்பாள். கடினமானது எதிர்பாராமல் பட்டால் தாடைத் தசையை அடக்கும் வேலையை நாம் யோசித்துச் செய்வதில்லை. சோற்றில் கல் கடிபட்டதும் வாய் தானாகத் திறப்பது அப்படித்தான். சேதி மூளைத்தண்டு வரை போய்த் திரும்புகிறது, நாம் நினைப்பதற்கு முன்னாலேயே.

சர்க்கரை வந்து, ஈறு கரைந்து, பல் ஆட ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் போய், மேல்வரிசை முழுக்கச் செட்டு வைத்தோம். கீழேயும் நிறையப் போய்விட்டது. செட்டு வைத்த ஒரு மாசத்துக்குள் சூடை முள் தொண்டையில் மாட்டியது. சோற்றை உருட்டி முழுங்கச் சொன்னோம். அது தப்பு, முள் இன்னும் ஆழமாக ஏறியது. மறுநாள் ஆசுபத்திரியில் எடுத்தார்கள். அம்மா அன்றைக்கு அழுதது வலிக்காக இல்லை. “எனக்கு முள்ளு தெரியலடா. எனக்கா முள்ளு தெரியல?” என்றாள்.

அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். பல் போகும்போது அதன் வேரும் நாரும் நாரோடிருந்த நரம்பு முனைகளும் சேர்ந்தே போகின்றன. செட்டு உட்கார்வது ஈறின் மேல். அதன் அடியில் இருக்கும் தோல் பொதுவாக அழுத்தம் என்று மட்டும்தான் சொல்லும். பல்லுக்கு 20 மைக்ரான் தெரிந்த இடத்தில் செட்டுக்கு 100 மைக்ரானோ அதற்கு மேலோ இருந்தால்தான் தெரியும். எலும்பில் திருகு இறக்கி வைக்கும் இம்பிளான்ட் இரண்டுக்கும் நடுவில். ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானேமார்க் 1965-இல் முதல் முறையாக ஒருவருக்கு டைட்டானியத்தில் அதை வைத்தார். அது எலும்போடு நேராக ஒட்டிக்கொள்ளும், நடுவில் நார் கிடையாது. எலும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நரம்புகள் ஓரளவு உணர்வு கொடுக்கின்றன, ஆனாலும் மெல்லிய தொடுதல் பல்லுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. அதனால் இம்பிளான்ட் வைத்தவர்கள் கல் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளதைக் கவனமாகக் கடிக்க வேண்டும், தன்னை அறியாமலே கூடுதலாக அழுத்திவிடலாம்.

செட்டு வைத்தவர்கள் வீட்டில் இருந்தால், முள் மீனை விரலால் உதிர்த்து, உதிர்த்ததை விரலாலேயே தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பல் செய்த வேலையை விரல்தான் செய்ய வேண்டும். வாயில் போட்டு முள் பிரிக்கிற பழக்கத்தை அவர்கள் விடும்வரை பக்கத்தில் இருங்கள். முள் மாட்டினால் சோற்று உருண்டை வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

கீழ்வரிசைக்கும் செட்டு என்று வந்தபோது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே செட்டாக வைக்கலாம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். என் பல்லைக் காப்பாற்றிய அதே டாக்டரம்மா அம்மாவின் கீழ்க்கோரைப்பல் இரண்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் கெட்டியா நிக்குது. எடுக்க வேண்டாம். இதை வச்சுக்கிட்டே செட்டு பண்ணுவோம். வேர் இருக்கிற வரைக்கும் கடிக்கிற உணர்வு கொஞ்சம் இருக்கும்” என்று சொன்னாக. சில பேருக்கு, மேலே வெட்டிவிட்டு வேரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் மேல் செட்டு உட்கார வைப்பதும் உண்டாம். மொத்தமாக எடுக்கச் சொன்னால், ஒன்றிரண்டு வேரையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவுக்கு அந்த இரண்டும் நின்றதால் செட்டும் நழுவவில்லை.

போன மாசம் மண்டபத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து திண்ணையில் இறக்கியது. அம்மா ஒன்றை எடுத்தாள். முன்னால் மாதிரி முன்பல்லுக்குக் கொண்டுபோகவில்லை; வாயின் இடது ஓரத்தில், அந்தக் கோரைப்பல்லின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு கடி கடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

“மண்ணு கெடக்கு தாயி” என்றாள். “அலசிக் கொண்டா.”